பெயர் பொறித்த படலம்

1502-ஆம் ஆண்டு. இத்தாலியில் ஃபெராரா நகரத்தை ஆண்ட பிரபு எர்கோலே தெஸ்தேவுக்கு ஒரு மனக்குறை. கோட்டை இருக்கிறது, கொத்தளம் இருக்கிறது. வருஷத் தொடக்கத்தில்தான் போப்பாண்டவரின் மகள் லுக்ரேசியா போர்ஜியாவை மருமகளாகக் கொண்டுவந்திருந்தார். (போப்பாண்டவருக்கு ஏது மகள் என்று கேட்காதீர்கள், அது வேறு கச்சேரி.) ஆனால் அரண்மனைத் தேவாலயத்தில் பாடும் கோஷ்டிக்கு, ஊரெல்லாம் வாயைப் பிளக்கும்படியான ஒரு வித்வான் வேண்டும்.

அப்போது நாலு குரல் நாலு வழியாகப் போய், கடைசியில் சண்டையில்லாமல் ஒரே இடத்தில் வந்து சேரும் சங்கீதம்தான் மோஸ்தர். அதில் கெட்டிக்காரர்கள் ஃபிளாண்டர்ஸ் பக்கத்து வடக்கத்திக்காரர்கள். இத்தாலியப் பிரபுக்கள் அவர்களை ஏலம் எடுக்காத குறையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எர்கோலேயிடம் இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவர் ஜோஸ்கன் தெ ப்ரே. இன்னொருவர் ஹைன்ரிஷ் இசாக். ஆகஸ்ட் 14 அன்று ஜிரோலமோ தா செஸ்தோலா என்ற அரண்மனை ஆசாமி கடிதம் போட்டார்: ஜோஸ்கனை எடுத்துவிட்டால் எந்த ராஜாவுக்கும் இதைவிட நல்ல கோஷ்டி இருக்காது, நம் கோஷ்டிக்குக் கிரீடம் வைத்த மாதிரி ஆகும் என்று.

செப்டம்பர் 2 அன்று எதிர்க் கடிதம். எழுதியவர் பிரபுவின் இன்னொரு ஆளான ஜான் தெ ஆர்த்திகனோவா. கல்யாணத் தரகர் இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிற நேர்த்தி அதில் இருக்கிறது. இசாக் தங்கமான மனுஷர், சக பாடகர்களோடு ஒத்துப்போவார், கேட்டபோதெல்லாம் எழுதித் தருவார். இங்கே வந்திருந்தபோது ஒரு பாட்டை இரண்டே நாளில் முடித்துக் காட்டினார். ஜோஸ்கன் அவரைவிட நன்றாக எழுதுவார், வாஸ்தவம்தான். ஆனால் அவருக்குத் தோன்றும்போதுதான் எழுதுவார், நமக்கு வேண்டும்போது அல்ல. தவிர, அவர் கேட்கும் சம்பளம் 200 டுகாட். இசாக் 120-க்கே வந்துவிடுவார்.

குணத்துக்குக் குணம், வேலைக்கு வேலை, எண்பது டுகாட் மிச்சம். புத்தியுள்ள எவனும் இசாக்கைத்தான் எடுப்பான். எர்கோலே ஜோஸ்கனை எடுத்தார். இரண்டு புடவையில் விலை கூடியதுதான் நல்ல புடவை என்று நம்புகிறவர்கள் எந்த நூற்றாண்டிலும் உண்டு.

1503 ஏப்ரலில் ஜோஸ்கன் வந்து சேர்ந்தார். அந்தக் கோஷ்டியின் சரித்திரத்திலேயே அவ்வளவு சம்பளம் யாரும் வாங்கியதில்லை. அவரைப் பின்தொடர்ந்து பிளேக்கும் வந்தது. 1504 ஏப்ரலில் வித்வான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடக்கே கோந்தே என்ற ஊருக்குப் போய்விட்டார். ஆக மொத்தம் ஒரு வருஷம்.

காலியான நாற்காலிக்கு யாகோப் ஒப்ரெக்ட் என்ற இன்னொரு பெரிய வித்வான் வந்தார். 1505 ஜனவரியில் எர்கோலே காலமானார். ஒப்ரெக்டுக்கு வேலை போயிற்று. அதே வருஷம் அதே ஃபெராராவில் பிளேக் உயிரையும் கொண்டுபோயிற்று. வேலை கிடைக்காத தங்கமான மனுஷர் இசாக்கோ 1517 வரை சௌக்கியமாக இருந்தார். சில வேலைகள் கிடைக்காமல் போவதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எர்கோலேயின் காசு வீண்தானா? இல்லை. ஜோஸ்கனிடமிருந்து அவருக்கு ஒரு திருப்பலி இசை கிடைத்திருந்தது. பிரபுவின் லத்தீன் பட்டப்பெயர் 'ஹெர்குலெஸ் துக்ஸ் ஃபெர்ராரியே'. அதிலுள்ள உயிரெழுத்துகளை மட்டும் உருவினால் எ, உ, எ, உ, எ, ஆ, இ, எ. அன்றைய ஸ்வரங்கள் ஆறு: உத், ரெ, மி, ஃபா, சோல், லா. அவற்றில் அந்தந்த உயிரெழுத்துள்ள ஸ்வரத்தை வைத்தால் ரெ, உத், ரெ, உத், ரெ, ஃபா, மி, ரெ. ராகம் தயார்! மற்ற குரல்கள் சுற்றிச் சுற்றிக் கோலம் போட, நடுவில் டெனர் குரல் அந்த எட்டு ஸ்வரத்தையே விடாமல் பாடும். ஆண்டவரைத் துதிக்கும் சாக்கில், முதலாளியின் பெயருக்கு நாற்பது தடவைக்கும் மேல் அர்ச்சனை.

பெயர் பொறிப்பதில் ஜோஸ்கனுக்கு முன்அனுபவம் உண்டு. வாத்திகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அவர் பாடியிருக்கிறார். அங்கே பாடகர் மாடத்துச் சுவரில் அவர் பெயர் செதுக்கியிருக்கிறது. அவர் கைவரிசைதான் என்று நம்புகிறார்கள். கோயில் தூணில் ஆணியால் பெயர் கீறிவிட்டு வரும் நம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய முன்னோடி அகப்படமாட்டார்.

1521-இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பெயர் ஓயவில்லை. யார் எதை எழுதினாலும் அவர் பெயரைப் போட்டால் விற்றது. உயிரோடு இருந்ததைவிடச் செத்த பிறகுதான் ஜோஸ்கன் அதிகம் எழுதுகிறார் என்று 1540 வாக்கில் ஜெர்மனியில் கேலியே பேசினார்கள்.

இன்றும் பழைய இசைக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் அந்தத் திருப்பலி இசை இடம்பெறுகிறது. எர்கோலேயின் சண்டைகளும் வரிகளும் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் உயிரெழுத்துகளை மட்டும் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள். அதற்கு 200 டுகாட் மலிவுதான்.

மிச்சம் பிடிக்கச் சொன்ன ஆர்த்திகனோவா? ஜோஸ்கனைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அவர் கடிதத்தை எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். பிரபு காசு கொடுத்து வாங்கிய சாகாவரம் அவருக்கு ஒரு தபாலில் கிடைத்துவிட்டது. சிக்கனக்காரர் கடைசிவரை சிக்கனக்காரர்தான்.