சீதன வீட்டு விறாந்தை

கல்முனையில் நல்வாழ்வுக்கு வழி கேட்டால் சந்திக்கு ஒரு விடை கிடைக்கும். கடற்கரைப் பள்ளிவாசலில் ஜமாதுல் ஆகிர் பிறை பிறந்ததும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியின் பெயரில் கொடி ஏறும்; கந்தூரிச் சோறு மணக்கும். அவுலியாக்களின் பொருட்டால்தான் பரக்கத் என்பது ஒரு கட்சி. அத்தனையும் பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை, கொடியை இறக்கு என்பது தவ்ஹீத் கட்சி. தப்லீக் காக்கா இரு தரப்புக்கும் ஸலாம் சொல்லிவிட்டு, 40 நாள் ஜமாஅத்தில் வந்தால் எல்லாம் தெளியும் என்பார். கத்தாரிலிருந்து லீவில் வந்த மருமகனுக்கு நல்வாழ்வென்றால் ஓவர்டைம்.

1111இல் மௌத்தான இமாம் கஸ்ஸாலி, ஷரீஅத்தையும் சூபித்துவத்தையும் ஒரே பாயில் உட்காரவைக்கத் தடித்தடியாகக் கிதாபுகள் எழுதினார். நம்மூரில் அந்த வேலையைக் கலியாணத் தரகர் ஒரு பிளேன்டீக்குள் முடித்துவிடுகிறார். எத்தனை பேர்ச் காணி, மேல்மாடி உண்டா என்று அவர் கேட்கும்போது எந்தக் கட்சியிலும் கருத்து வேறுபாடு கிடையாது. பெண்பிள்ளைக்கு வாப்பா வீடு கட்டியே ஆகவேண்டும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். பிறகு இஷா தொழுதுவிட்டு, அந்த வீட்டு விறாந்தையில் சாய்ந்துகொண்டு பரக்கத்தா பித்அத்தா என்று விடிய விடிய வாதாடுவார்.

மணப்பெண்ணுக்கு மஹர் கொடுப்பது ஆணின் கடமை என்று குர்ஆனிலேயே இருக்கிறது. ஆகவே மருமக்களே, வாதத்தைத் தாராளமாகத் தொடருங்கள். அதற்குமுன், வீடு கட்டிய கடனில் பாதியையாவது மாமாவின் கையில் கொடுங்கள்.