பறக்காத பறவை

சும்மா இருக்கும் சிப்பாய் ஆபத்தானவன். ராணுவத்தின் இந்த மூத்த ஞானம் 1919-இல் இங்கிலாந்தின் புல்ஃபோர்டில் பளிச்சிட்டது. முதல் உலகப் போர் முடிந்துவிட்டது, நியூசிலாந்து வீரர்களுக்கு ஊர் திரும்பக் கப்பல் இல்லை. முகாமில் கலவரம். அதிகாரிகள் என்ன, கப்பலா தேடுவார்கள்? மண்வெட்டி கொடுத்தார்கள். குன்றில் உங்கள் நாட்டுக் கிவிப் பறவையின் உருவத்தை வெட்டுங்கள்!

என்ன பொருத்தம் பாருங்கள்: ஊருக்குப் போக வழியில்லாதவர்களுக்குப் பறக்கவே தெரியாத பறவை. மாதிரிக்கு அருங்காட்சியகத்திலிருந்த பாடம்செய்த கிவி. அதுவும் ஊர் திரும்பாததுதான். புல்லைச் சீவ, அடியிலிருந்த வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. 420 அடிக்கு எழுந்தது பறவை, அலகும் காலுமாக. ரயில் நிலையங்கள் கவனிக்கலாம்: தாமத அறிவிப்போடு ஆளுக்கொரு கடப்பாரை.

ஒருவழியாகக் கப்பல் வந்து அவர்கள் போய்விட்டார்கள். அப்புறம் புல் மூடாமல் பல காலம் பறவையைக் காசு கொடுத்துப் பராமரித்த புண்ணியவான் யார்? நாட்டு அரசா, ராணுவமா? கிவி பூட் பாலிஷ் கம்பெனி! பூட்ஸ் துடைத்தே கை சலித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

2017-இல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமும் ஆனது. இனி அந்தக் கிவியை யாரும் ஊருக்கு அனுப்ப முடியாது.