யார் முதலில் வெட்டுவது?

கோப்ளின் என்ற குட்டிப் பூதம் கத்தியை ஓங்கி ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இன்னும் இறக்கவில்லை. பாவம், அதன்மேல் தப்பில்லை. அதன் முறை எப்போது வரும் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களில், யார் முறை முதலில் என்பதையே கட்டிக்கொண்டு அழும் ரகம் ஒன்று உண்டு. நம்மவர் அந்த ரகம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் அமெரிக்காவில் ஆரம்பித்து வைத்தது. சண்டை மூண்டால் யார் முதலில் அடிப்பது? 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்குச் சுலபமாக வழி சொல்லிவிட்டது. ஆளுக்கொரு தடவை இருபது முகப் பகடையை உருட்டி, அவரவர் சுறுசுறுப்புக்கு உள்ள எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரிய எண் முன்னால். சண்டை முடியும்வரை அதே வரிசை. ரேஷன் கடை க்யூ மாதிரி.

“போர்க்களத்துல க்யூவா?” என்பார் நம்மவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

2017-இல், அந்த ஆட்டத்தின் வடிவமைப்பாளர் மைக் மேர்ல்ஸ் சோதனைக்காக ஒரு விதியை வெளியிட்டார். அம்பு விட்டால் நான்கு முகப் பகடை, வாள் வீசினால் எட்டு, மந்திரம் போட்டால் அதைவிடப் பெரியது. நகர வேண்டுமென்றால் ஆறு முகப் பகடை ஒன்று கூடுதலாக. சிறிய எண் முதலில். ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி உருட்ட வேண்டும். நம்மவர் இதை அட்டவணையாக்கி, லேமினேட் செய்து, ஆளுக்கொன்று கொடுத்தார். வாள்காரர் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, “நான் நகரலை. கோப்ளின் வேணும்னா இங்க வரட்டும்” என்றார். கோப்ளினுக்கும் கணக்கு தெரியும். அதுவும் நகரவில்லை.

அடுத்து சீட்டுக்கட்டு. சாவேஜ் வேர்ல்ட்ஸ் ஆட்டத்திலிருந்து கொண்டுவந்தது. பெரிய சீட்டுக்கு முதல் அடி. ஜோக்கர் வந்தவர் நினைத்த நேரத்தில் பாயலாம். இரண்டே வாரத்தில் மேஜை ரம்மிக்கு மாறியதால் கைவிடப்பட்டது.

அவருடைய பொற்காலம் என்றால் மார்வெல் ஹீரோயிக் ஆட்டத்து முறையைக் கொண்டுவந்த மாதங்கள்தான். அடித்து முடித்தவரே அடுத்தவரைக் கைகாட்ட வேண்டும். எதிரியையும் காட்டலாம். முதலில் ஒரே மரியாதை. “நீங்க போங்க.” “சேச்சே, நீங்க போங்க.” பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது அங்கே எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது. பிறகு துணிச்சல் வந்து, நம் பக்கத்து ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் காட்டி வரிசையாக அடித்துத் தீர்த்தார்கள். மிஞ்சியவை எதிரிப் பக்கத்து ஓர்க்குகள். சுற்றின் கடைசியில் அடித்த ஓர்க்குக்குத்தான் அடுத்த சுற்றை யார் தொடங்குவது என்று சொல்லும் உரிமை. அது தன்னையே காட்டிக்கொண்டது. அடிமேல் அடி; வைத்தியர் வேடம் போட்டவர் காலி. நம்மவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. “பாத்தீங்களா, முறையோட நுணுக்கத்தை!” வைத்தியருக்கு நுணுக்கம் பிடிபடவில்லை.

பிறகு ட்ரோய்க்கா ஆட்டத்து முறைக்கு ஒரு துணிப்பை வந்தது. ஒவ்வொருவருக்கும் உள்ள வில்லைகளை அதில் போட்டு, ஒவ்வொன்றாக எடுப்பது. ‘சுற்று முடிந்தது’ என்ற வில்லை கைக்கு வந்துவிட்டால் மிச்சம் இருப்பவர்களுக்கு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடையாது. வில்லாளியின் வில்லை வெளியே வரவே இல்லை. அவர் எழுந்து போய்ப் பீட்சா சாப்பிட்டுவிட்டு வந்தார். செத்துப்போயிருந்தார்.

இத்தனைக்கும் கெட்ட மனிதர் இல்லை. ஆள் பெயர் எழுதிய துணிக் கிளிப்புகளைத் தன் முன்னால் நிற்கும் மறைப்பு அட்டையில் மாட்டி, கழற்றி, இடம் மாற்றி மாட்டும்போது அவர் விரல்களைப் பார்க்க வேண்டும். அவ்வளவு வாஞ்சை! டிராகன் வந்தால்கூட அதற்கு எந்த நிறக் கிளிப் என்பதுதான் அவருக்கு முதல் கவலை.

பொறுக்க மாட்டாத நண்பர்கள் ஒருநாள் வேறு வீட்டில் அபோகாலிப்ஸ் வேர்ல்ட் ஆடப்போனார்கள். 2010-இல் வந்த அந்த ஆட்டத்தில் வரிசையே கிடையாது. கதை யார் பக்கம் திரும்புகிறதோ அவர் பேசலாம். மனசு கேட்காமல் இவரையும் கூப்பிட்டிருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் கதவை உடைத்தார்கள், கூரை தீப்பிடித்தது, எல்லோரும் கத்தினார்கள். இவர் வாயே திறக்கவில்லை.

“சார், உங்க கால்ல நெருப்பு. என்ன செய்றீங்க?”

“என் முறை வரட்டும்” என்றார்.