ஒசூர் எல்லையில் எரிபொருள் தேர்வு: ஒரு பரபக்க ஆராய்ச்சி

தேசிய நெடுஞ்சாலை 44 அத்திப்பள்ளியில் கர்நாடகத்தை முடித்து, ஜூஜுவாடியில் தமிழ்நாட்டைத் தொடங்குகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் பெட்ரோல் பங்க், அந்தப் பக்கமும் பெட்ரோல் பங்க். நடுவில், அரைக்கோடி ரூபாய்க்கு வாங்கிய வெள்ளை ஃபார்ச்சூனரில் அமர்ந்தபடி, லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் எந்தப் பக்கம் மிச்சமாகும் என்று யோசிக்கும் ஒருவர். அவருடைய யோசனையே இவ்வாய்வின் களம்.

சொகுசு வண்டிகள் பலவிருக்க ஃபார்ச்சூனரை எடுத்தது என்னையோவெனின், கிரானைட் குவாரி, ரியல் எஸ்டேட், கட்சிப் பொறுப்பு ஆகிய மூன்றனுள் ஒன்று கைகூடியவர்க்கு இவ்வட்டாரத்தில் அடுத்துக் கைகூடுவது அதுவே ஆகலின் என்க. வண்டி பிறந்த ஊரும் தொலைவில் இல்லை. பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதி. டேங்க் கொள்ளளவு 80 லிட்டர். பின்னால் வரும் கணக்குக்கு இது வேண்டும்.

வினா மூன்று: பெட்ரோலா டீசலா? சாதாவா பவரா? இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? இவற்றுக்கு விடை கூறும் மதத்தினரும் மூவகையினர்.

முதலாமவர் பவர்வாதிகள். "ஜீரோ பாத்துக்குங்க சார், பவர் போடட்டுமா?" என்று பங்க் பையன் கேட்கும்போது, பின்னிருக்கையில் சம்பந்தி அமர்ந்திருந்தால் "வேண்டாம்" என்று சொல்ல நா எழாதவர்கள். ஆக்டேன் எண்ணை இவர்கள் மதிப்பெண்ணாகவே படிக்கிறார்கள். 91 என்றால் சுமாரான பிள்ளை, 95 என்றால் டியூஷன் வைத்த பிள்ளை, 100 என்றால் மாவட்ட முதலிடம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தபோது லிட்டர் 160 ரூபாய். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைக்கு ஃபீஸ் அதிகம்தான்.

இக்கொள்கையை மறுக்குமாறு: ஆக்டேன் என்பது வலிமையின் அளவன்று, பொறுமையின் அளவு. ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேருமுன், மூலையில் அழுந்திக் கிடக்கும் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் என்ஜின் தட்டும். அப்படி அவசரப்படாமல் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. 1926 வாக்கில் அமெரிக்கரான கிரஹாம் எட்கர் இதற்கு அளவுகோல் வகுத்தார். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு சுழியம். அந்தச் சுழியத்துக்கான ஹெப்டேனைத் தொடக்கத்தில் ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து வடித்தார்கள். தாழ்ந்த அழுத்தத்தில் ஓடும் என்ஜினுக்கு உயர்ந்த பொறுமை வாங்கித் தருவதால் ஆகும் பயன், சம்பந்தியின் மதிப்பு நீங்கலாக, ஒன்றுமில்லை.

அற்றன்று, நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனர் 91 போடு, அதுதான் பிரீமியம் என்றாரே எனின், அங்கே பம்பில் ஒட்டுவது இருவேறு சோதனை எண்களின் சராசரி. அவர்களின் 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95. மேலும் நம் சாதா பெட்ரோலே இப்போது சாதா இல்லை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்தபின் அதன் ஆக்டேன் 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் விளக்கம் சொன்னது. மைலேஜ் குறைகிறதே என்ற கேள்வி அந்த எண்ணால் தீரவில்லை என்பது வேறு.

இன்னொன்று. ஒசூர் கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் டர்போ இல்லாத என்ஜின் கேட்கும் ஆக்டேன் குறையும். அமெரிக்க மலை மாநிலங்களில் இதைச் சொல்லியே 85 விற்கிறார்கள். ஆகவே சூளகிரி தாண்டி இறங்கி கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் வண்டியின் தேவை மாறிவிடுகிறது. டர்போ வைத்த வண்டி இந்த மெலிவைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். உரிமையாளரின் தேவையோ எந்த உயரத்திலும் மாறுவதில்லை.

பவர்வாதிகளுள் ஒரு கிளையினர் விபரீதவாதிகள். இவர்கள் டீசல் ஃபார்ச்சூனரை நிறுத்திவிட்டு, "டீசல்லயே நல்ல ஆக்டேனா போடுப்பா" என்பார்கள். டீசலுக்கு அளவு சீட்டேன். பிஎஸ்6 டீசலில் அது 51க்குக் குறையக்கூடாது. சீட்டேன் அளப்பது எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றும் என்பதை. பெட்ரோலுக்கு எது குற்றமோ அதுவே டீசலுக்குக் குணம். இதைப் பங்கில் நின்று விளக்க முயன்றால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

அடுத்தவர் அத்திப்பள்ளிவாதிகள். எரிபொருள் எதுவானால் என்ன, எல்லை தாண்டிப் போட்டால் லாபம் என்பது இவர்கள் துணிபு. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் மாநிலந்தோறும் வரி வேறு. இக்கொள்கை அதில் பிறந்தது. எளிதில் தள்ளக்கூடியதும் அன்று. 2021 தீபாவளிக்கு முந்தின நாள் ஒன்றிய அரசு டீசலுக்கு 10 ரூபாயும் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் குறைத்தது. கர்நாடகம் தன் பங்குக்கு இரண்டிலும் மேலும் 7 ரூபாய் குறைத்தது. ஆகஸ்டிலேயே பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்திருந்த தமிழ்நாடு அப்போது அசையவில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் பெங்களூரில் டீசல் 85.93, சென்னையில் 92 ரூபாய் சில்லறை. 80 லிட்டர் டேங்குக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம். அப்போது அவர்கள் சொன்னது மறுக்கவொண்ணாத உண்மை.

பிறகு கர்நாடகம் வரியை ஏற்றியது. 2024 ஜூன் 15 முதல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஏறக்குறைய மூன்று ரூபாய். 2025 ஏப்ரல் முதல் டீசலுக்கு மேலும் இரண்டு. அந்த ஏப்ரல் கணக்கில், பெங்களூர் டீசல் 91ஐ ஒட்டி, சென்னை டீசல் 92ஐத் தாண்டி. வேறுபாடு லிட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். டேங்க் வறண்டு போய் முழுதாக நிரப்பினாலும் 120 ரூபாய் தேறாது. ஒசூர் பேருந்து நிலையத்திலிருந்து அத்திப்பள்ளி போய்வரப் பதினாறு பதினெட்டு கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கொடுக்கும் வண்டிக்கு ஒன்றே முக்கால் லிட்டர், 150 ரூபாய்க்கு மேல். சுங்கக் கட்டணம் குறுக்கிட்டால் அது தனி. நெரிசலில் நிற்கும் நேரத்துக்கு விலை போட்டால் வாதி வருந்துவார் ஆகலின் விடப்பட்டது.

பெட்ரோலிலோ கணக்கே தலைகீழ். அதே ஏப்ரலில் பெங்களூரில் 102 ரூபாய்க்கு மேல், சென்னையில் 100 ரூபாய் சில்லறை. கேஏ 51 எண் போட்ட வண்டிகள் இந்தப் பக்கம் வந்து நிரப்புவதே முறை. ஆயினும் டிஎன் 70 எண் போட்ட பெட்ரோல் வண்டி அந்தப் பக்கம் போய் நிரப்புவதை எல்லையோரத்தார் கண்டிருக்கிறார்கள். வரி மாறினாலும் பழக்கத்துக்கு அரசாணை போய்ச் சேரவில்லை.

மூன்றாமவர் நிராகரணவாதிகள். ஒசூரில் ஏத்தரும் ஐக்யூபும், போச்சம்பள்ளியில் ஓலாவுமாக மின்சார ஸ்கூட்டர் செய்து அனுப்பும் மாவட்டத்தில் பெட்ரோல் ஆராய்ச்சி எதற்கு என்பார். இவர்களும் பங்க்குக்கு வருகிறார்கள், காற்றுப் பிடிக்க.

இனிச் சுபக்கம். அளவை மூன்றனுள், காட்சி இங்கே உதவாது; ஓஸுக்குள் ஓடுவது யார் கண்ணுக்கும் தெரியாது. கருதலும் உதவாது, "பவர் போட்ட அன்னைக்கு பிக்கப் பிரமாதம்ணா" என்று டிரைவர் சொல்வது, அன்று காலை ரோடு காலியாக இருந்ததாலும் ஆகலாம். எஞ்சியது உரை. டேங்க் மூடிக்குள் ஒட்டியிருக்கும் எண்ணே உரையாம். 91 என்றிருந்தால் சாதா போதும். ஜெர்மன் வண்டிகளில் பெரும்பாலும் காணும் 95 என்ற எண் இருந்தால் அதற்குக் குறையாமல் போடுக. டீசல் என்றிருந்தால் ஆக்டேன் பேச்சை எடுக்கற்க.

பக்கத் தேர்வுக்கு விதி: கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் செல்பவர், பெட்ரோல் வண்டியாயின் போகும்போது ஒசூரில் நிரப்புக, டீசல் வண்டியாயின் திரும்பும்போது அத்திப்பள்ளியில் நிரப்புக. பெங்களூரில் வேலை இல்லாதவர் எந்த வண்டியாயினும் வீட்டுப் பக்கத்திலேயே நிரப்புக. இவ்விதி 2025 ஏப்ரல் விலைக்கு வகுத்தது. விதான சௌதாவிலோ கோட்டையிலோ வரி மீண்டும் திருத்தப்படுமாயின், படிப்பவர்கள் "பெட்ரோல்" என்பதையும் "டீசல்" என்பதையும் இடம் மாற்றி வாசித்துக்கொள்க.