மருமகன் பாட்டு எழுதுகிறான்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் லண்டனில் சௌக்கியம். வேலை நிலையாக இருக்கிறது, சளியும் அப்படியே. பாட்டு எழுதும் பழக்கம் போயிற்றா என்று அத்தை கேட்டிருந்தார்கள். போகவில்லை. காலமெல்லாம் வங்கியில் கையெழுத்துப் போட்ட உங்களுக்கு இது கவலை தரும் என்பதால், முதலில் ஒரு வங்கி ஊழியரின் கதையைச் சொல்லிவிடுகிறான்.

கவிஞர் டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை இந்த ஊரில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார். உடல்நலம் கெட்டு 1921இல் மூன்று மாத விடுப்பில் போனவர், அந்த ஓய்வில்தான் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையின் பெரும்பகுதியை எழுதினார். ஆக, நவீன ஆங்கிலக் கவிதைக்கு ஒரு வங்கி அதிகாரி விடுப்புக் கடிதத்தில் போட்ட கையெழுத்தும் காரணம். கவிதை வெளிவந்த 1922இலேயே எஸ்ரா பவுண்ட் பதறிப்போய், நண்பரை வங்கியிலிருந்து மீட்க நிதி திரட்டக் கிளம்பினார். எலியட் அசையவில்லை. பிறகு வங்கியை விட்டபோதும் ஒரு பதிப்பகத்தில் சம்பள வேலைக்குத்தான் போனார். உங்களுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும் மாமா, கவிதையைப் படிக்காத வரை.

இங்கே சுரங்க ரயிலில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. சட்டம் இல்லை, ஆனால் பார்த்தால் தெரியும். கண்ணை எங்கே வைப்பது? மேலேதான். மேலே காப்பீட்டு விளம்பரம், வைட்டமின் மாத்திரை விளம்பரம், நடுவில் ஒரு கவிதை! ஜூடித் செர்னாய்க் என்ற எழுத்தாளரின் யோசனையில் 1986இல் தொடங்கிய ஏற்பாடு இது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது, ஏ. கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பில் இப்படி ரயிலேறியிருக்கிறது. மருமகன் அதை ஊரில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன். பொருள் புரிய அவனுக்கு ஒரு கடல் தாண்ட வேண்டியிருந்தது.

பாடகர்கள் கதை வேறு. முன்பெல்லாம் நிலையங்களில் பாடுகிறவர்களை விரட்டுவார்களாம். 2003 முதல் குரல் தேர்வு, உரிமம், தரையில் அரைவட்டம், முன்பதிவு செய்த நேரம். அந்த வட்டத்தில் நின்றுதான் ஏழைக் கலைஞன் இதயம் உடைந்து பாட வேண்டும். கேட்பவர்களோ எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வரிதான் காதில் விழும். அந்த ஒரு வரி பிளாட்பாரம் வரை கூட வந்துவிட்டால் அதுதான் பல்லவி. மருமகன் இலக்கணம் கற்ற இடம் அதுவே.

ரயில் நிலையத்தைப் பாட்டாக்கியவர் ரே டேவிஸ். கிங்க்ஸ் குழுவின் ‘வாட்டர்லூ சன்செட்’, 1967. முதலில் லிவர்பூலை நினைத்து எழுதத் தொடங்கினாராம். ஊரை மாற்றியும் பாட்டு பிழைத்தது, ஆச்சரியம்தான். மருமகனும் ஒரு மாலை வாட்டர்லூவில் நின்று பார்த்தான். அவனுக்கு வந்தது தும்மல். பக்கத்திலேயே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கவிதைக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. 1953இல் தொடங்கியது, உறுப்பினர் கட்டணம் கிடையாது. அங்கே ஒதுங்கிக்கொண்டான்.

புத்தகக் கடை என்றால் சேரிங் கிராஸ் சாலை ஃபாயில்ஸ். கிறிஸ்டினா ஃபாயில் நடத்திய காலத்தில் ஒரு புத்தகம் வாங்க மூன்று வரிசையில் நிற்க வேண்டுமாம்: சீட்டுக்கு ஒன்று, பணம் கட்ட ஒன்று, புத்தகத்தைக் கையில் வாங்க ஒன்று. உங்கள் கிளையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது சொந்த ஊராகத் தெரிந்திருக்கும். 1999இல் அந்த அம்மாள் மறைந்த பிறகே கடை மாறியது.

அத்தையிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பார்சலில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையை வைக்கச் சொல்லுங்கள். மிளகாய்ப்பொடியோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். படிக்கும்போது கண்ணீர் வந்தால் எதனால் என்று அவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்