மிச்ச உல்லன் அக்கா

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களிலும், ஒரகடம் பக்கமும் பரவலாகக் காணப்படுபவர் மிச்ச உல்லன் அக்கா. செம்பரம்பாக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். நைட்டி, மேலே துப்பட்டா, துப்பட்டாவில் ஒட்டிய நாலு நிறத் தூசு, கையில் கத்தரிக்கோல். இவற்றை வைத்து எளிதில் அடையாளம் காணலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ‘உல்லன் ஆன்ட்டி’ என்பார்கள். பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அக்கா.

இவரது பூர்வீகம் தொழிற்சாலை. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் லைனில் நின்றார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. அக்காவும் ஏதோ ஒரு கம்பெனியில் சில வருஷம் கம்பெனி பஸ் ஏறி, செக்கிங்கில் உட்கார்ந்து, கல்யாணமாகி வீட்டோடு இருப்பவர். ஷிப்டு முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் உல்லன் நூலுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. யாரோ ஒருத்திக்குக் குழந்தை பிறக்கும். குல்லாவும் காலுறையும் பின்ன வேண்டும். வாசலுக்குத் தோரணம், சின்னப் பெண்ணின் பின்னலுக்குக் குஞ்சலம் என்று அடுத்தடுத்துத் தேவை வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மீதிதான் அக்காவின் மூலதனம். கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக் இழைதான். எந்த ஆட்டுக்கும் அதில் சம்பந்தமில்லை. ஆட்டுக்குட்டி பொம்மை செய்யும்போது மட்டும் இந்த உண்மை சற்று உறுத்தும்.

செய்முறை எளிது. பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் நூலை எண்பது, நூறு சுற்றுச் சுற்ற வேண்டும். அட்டையை உருவிவிட்டு நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கத்து மடிப்புகளையும் வெட்டினால் குஞ்சம் விரிந்து உருண்டையாகும். சின்ன உருண்டை தலை, பெரிய உருண்டை உடம்பு. இரண்டையும் நடுக்கட்டு நூலின் வால்களால் முடிய வேண்டும். கண்ணுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு, அலகுக்கு ஆரஞ்சு சார்ட் அட்டை, ஒட்டுவதற்கு ஃபெவிகால். கட்டு தளர்ந்தால் முடி கொட்டும். ஒரு வாரத்தில் கோழிக்குஞ்சுக்கு நடுமண்டையில் வழுக்கை விழும். ஆகவே கட்டும் வேலையைக் குழந்தைகளிடம் விடாமல் அக்காவே செய்கிறார்.

மற்ற வேலைகளுக்கு லைன் உண்டு. கூடத்தில் பாய் விரித்து, சுற்றுவதற்கு ஒரு பிள்ளை, வெட்டுவதற்கு ஒன்று, பொட்டு ஒட்ட ஒன்று என வரிசையாக உட்காரவைப்பார். கடைசி இடத்தில் அக்கா. வந்த பொருளைத் திருப்பிப் பார்த்து “ஓகே” என்பார், அல்லது “என்ஜி” என்பார். தேறாத பொருளுக்குக் கம்பெனிகளில் வழங்கும் தீர்ப்பு அது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது புரியும். ஆனால் லைன் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகத் தகவல் இல்லை. வெட்டும் பையன் உருண்டையைச் சமப்படுத்துகிறேன் என்று கோலிக்குண்டு அளவுக்குக் கொண்டுவந்துவிடுவான். பொட்டு ஒட்டுகிறவள் முயலுக்கு ஆறு கண் வைத்திருப்பாள். சுற்ற வேண்டியவன் நூலோடு மொட்டைமாடியில் இருப்பான்.

“ஆன்ட்டி, எனக்கு டைனோசர் வேணும்.”

“மொதல்ல கோழிக்குஞ்சு போடு. அது ஓகே ஆச்சுன்னா டைனோசர் பாக்கலாம்.”

பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை என்பதால், இந்தப் பதிலை அறிவியல் ஆசிரியர்களும் ஆட்சேபிக்க முடியாது. தேர்ச்சி பெற்ற பொம்மைகள் அக்காவின் ஷோகேஸில் நிற்கும். என்ஜி ஆனவற்றைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். ஆறு கண் முயலுக்குக் கிராக்கி அதிகம்.

ஜப்பானிலிருந்து இந்த வட்டாரத்துக்கு வந்த சரக்குகளில் ஒன்று ஃபைவ் எஸ் ஒழுங்கு. வேண்டாததைக் கழி, இருப்பதை அடுக்கு, சுத்தம் செய், இதையே முறையாக்கு, விடாமல் பின்பற்று என்று அதற்கு ஐந்து படிகள். அக்கா வீட்டில் பின் நான்கும் அப்பழுக்கில்லாமல் நடக்கின்றன: நூல் நிறவாரியாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில், ஒவ்வொன்றிலும் லேபிள். முதல் படியைத்தான் அவர் இன்னும் எட்டவில்லை. விரல் நீளத் துண்டுக்கும் ‘மீசைக்கு ஆகும்’ என்று ஒரு பாட்டில் உண்டு. நூலில் பொம்மை பின்னும் அமிகுருமியும் ஜப்பானியக் கலைதான். யூடியூபில் அதைப் பார்த்த நாளிலிருந்து நிலைமை இன்னும் முற்றிவிட்டது.

பொருளாதார வல்லுநர்கள் கவனிக்கத்தக்கது இவரது கணக்கு. மிச்சமான பழுப்பு நூலில் முயல் செய்தால் காதின் உட்புறத்துக்கு ரோஸ் வேண்டும். ரோஸ் இல்லை, பூந்தமல்லி ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பந்து வாங்கப்படும். காதுக்குப் போனது இரண்டு முழம். மீதி ரோஸில் பூநாரை செய்யலாம். அதன் காலுக்குச் சிவப்பு வேண்டும். மிச்சத்தைத் தீர்க்கத் தொடங்கிய வீட்டில் மிச்சம் ஆண்டுதோறும் கூடுகிறது. 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்தச் செய்தியை எப்போது கேட்டாலும் அக்கா கேட்பது ஒன்றுதான்: “மீந்த நூலை என்ன பண்ணாங்க?”

இவருக்குப் பருவம் இரண்டு. ஒன்று கோடை விடுமுறை. மற்றது ஐப்பசி, கார்த்திகை மழை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த எண்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் பாடம். ‘ஏரி 22 அடியைத் தாண்டியது’ என்ற செய்தியும் கலெக்டரின் லீவு அறிவிப்பும் வந்ததும் பாய் விரிக்கப்படும். ஏரியில் பார்த்த கூழைக்கடாவைச் செய்யச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். அலகுக்கடியில் தொங்கும் பை எந்த உருண்டைக்கும் அடங்காது. கடைசியில் கணவரின் ஒற்றைக் காலுறை பலியாகும்.

அந்தக் கணவர் நைட் ஷிப்டு முடித்து வந்து நாற்காலியில் உட்காரும்போது கீழே ஏதாவது ஒரு பிராணி இருக்கும். அவர் அதை எடுத்து ஷோகேஸில் வைத்துவிட்டு மறுபடி உட்காருவார். பைக் சாவியில் தொங்கும் குருவியைப் பற்றி கேன்டீனில் கேட்டால் பையன் செய்தது என்பார்.

அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகலாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மட்டும் போகக்கூடாது.