ஐந்து விதிகளும் ஒரு நூலகரும்

எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த நூலக விதிகள் ஐந்து. 1931-இல் புத்தகமாக வந்தவை. நூலகப் படிப்பில் இன்றும் முதல் பாடம். தூத்துக்குடிப் பக்கம், உப்பளத் தொழிலாளர்கள் நிறைந்த ஓர் ஊரில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூலகர் தினக் கூட்டங்களில் அந்த ஐந்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ஒவ்வொன்றையும் எப்படி மீறினேன் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. என்னிடம் வந்தவை பாதுகாப்புக்கே. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். சில சமயம் கைக்காசையும் கட்ட நேரும். ஆகவே வழவழத் தாளில் படம் போட்ட குழந்தைப் புத்தகங்கள் வந்த அன்றே பீரோவுக்குள் போய்விடும். சாவி என் சட்டைப் பையில். அளத்துப் பிள்ளைகள் கண்ணாடி வழியே அட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அதையும் தாண்டி ஒரு பையன் ஒரு புத்தகத்தை எடுத்துப் போய்விட்டான். கெடு முடிந்தும் வரவில்லை. அஞ்சலட்டையில் நினைவூட்டல் அனுப்பினேன். 'தவறும் பட்சத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு வரியையும் சேர்த்தேன், மிடுக்காக இருக்கட்டுமே என்று. யாரோ படித்துச் சொல்ல, கோர்ட்டு நோட்டீஸ் என்று நடுங்கிவிட்டார் அவன் அம்மா. மறுநாள் கதவைத் திறந்தபோது புத்தகம் வாசலில் கிடந்தது. பையன் அதன் பிறகு நூலகத் தெருப் பக்கமே வரவில்லை. பதிவேட்டில் 'மீட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் விதி, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல். இதில் நான் உச்சத்தைத் தொட்டேன். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதனேதான். இந்தக் கதையை ஊருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே வேகம் வந்துவிட்டது. எக்ஸ்எல் வண்டியில் பை நிறையப் புத்தகத்தோடு உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கிளம்பினேன். பையில் இரண்டே வகை: அரிச்சுவடி, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. பின்னது தூத்துக்குடி உப்பளத்துப் பாடுகளைச் சொல்லும் நாவல். தங்கள் கதையைக் கண்டதும் கண் கலங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அரிச்சுவடியை வாங்கிப் புரட்டிய ஓர் அக்கா, "நான் எட்டாப்பு சார். படிக்கத் தெரியும், எழுத்துதான் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கு" என்றார். வருஷக்கணக்கில் வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக் கண்ணாடியும் பெரிய எழுத்துப் புத்தகமும். நான் கொண்டு போனது 'அ'னா 'ஆ'வன்னா. பக்கத்து வீட்டுக்காரர் நாவலின் பின்னட்டையைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்: "பகல் பூரா உப்பு. ராத்திரியும் அதேயா? கொலைக் கதை இருந்தா கொண்டாங்க அண்ணாச்சி."

கொலைக் கதைகள் நூலகத்தில் ஏராளம் இருந்தன. மக்களுக்குத் தரமானதைத்தான் கொடுக்க வேண்டும் என்று நானே அவற்றை அடித்தட்டுக்குத் தள்ளியிருந்தேன். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்னும் மூன்றாம் விதியும் அந்தத் திண்ணையிலேயே உடைந்தது.

நான்காம் விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. அளத்துக்காரர்கள் விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர்கள். நான் நூலகத்தைத் திறக்கும்போது பாத்தியில் நிற்பார்கள். உச்சி வெயிலில் திரும்பும்போது நான் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். மாலையில் திறந்தால் தண்ணீர் பிடிக்க, உலை வைக்க, பொழுதோடு படுக்க என்று அவர்களுக்கு வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு விளையாது, கூலியும் கிடையாது. ஓய்வு என்று ஒன்று கிடைப்பது அப்போதுதான். அந்த மாதங்களில்தான் நான் ஒழுகும் கூரைக்குப் பயந்து புத்தகங்களைத் தார்ப்பாயில் மூட்டை கட்டி வைத்திருப்பேன். மாத அறிக்கையில் மட்டும் 'இப்பகுதி மக்களிடம் வாசிப்பு ஆர்வம் குறைவு' என்று தவறாமல் எழுதினேன்.

ஐந்தாவது, நூலகம் ஒரு வளரும் உயிர். என்னுடையதும் வளர்ந்தது, வருகைப் பதிவேட்டில். காலையில் பேப்பர் பார்த்த பெரியவரே மாலையிலும் கையெழுத்துப் போட்டால் வாசகர் இருவர். அந்தப் பெரியவர்கள் வாசல் பெஞ்சை நிறைத்துக்கொண்டு அரசியல் பேசியதால்தான் பெண் பிள்ளைகள் படியேறத் தயங்கினார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி சொல்லும்வரை எனக்கு இது உறைக்கவில்லை. பெஞ்சைத் தூக்கிப் பின்பக்க வேப்பமரத்தடியில் போட்டேன். பெண்கள் வரத் தொடங்கினார்கள். என் பணிக்காலத்தின் ஆகப் பெரிய நூலகச் சீர்திருத்தம் ஒரு பெஞ்சை நகர்த்தியது.

அதே மாணவி உறுப்பினராகச் சேர, முகவரிச் சான்றாக வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்தாள். டெபாசிட் கேட்டேன். "இதுலயே நூலக வரின்னு போட்டிருக்கே சார், எங்கம்மா கட்டித்தான இருக்காங்க?" என்றாள். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம். அதன் வழியே சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குச் சேர்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த சங்கதிதான். ஆனாலும் உப்பளக் குடியிருப்புக்குப் போன அன்று ஏதோ தானம் கொடுக்கப் போகிற நினைப்பில்தான் போனேன். அவர்கள் காசில் வாங்கிய புத்தகத்தை அவர்களுக்கே நீட்டிவிட்டு, கண் கலங்கவில்லையே என்று குறைப்பட்டும் கொண்டேன்.

பிறகு ஒரு தகரப் பெட்டியில் கொலைக் கதைகளையும், பீரோவிலிருந்த பெரிய எழுத்துக் குழந்தைப் புத்தகங்களையும் போட்டு மகளிர் குழுத் தலைவி வீட்டில் வைத்தேன். அவரே ஒரு நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். அபராதம் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. மழை மாதங்களில் பெட்டி காலியாகவே கிடந்தது. சில புத்தகங்கள் திரும்பி வரவே இல்லை. சரிபார்ப்பில் கையிலிருந்து பணம் கட்டினேன். வாங்கிய சம்பளத்தில் வாசகருக்கென்று நான் உருப்படியாகச் செலவழித்த தொகை அதுதான்.